ராணியை வெல்லும் திறப்புத் தாக்குதல்: முழுமையான வழிகாட்டி

சதுரங்கத்தில் ஒரு காய் நகர்ந்து வழிவிட, அதன் பின்னால் நின்ற நமது இன்னொரு காய் எதிராளியைத் தாக்குவதை டிஸ்கவர்டு அட்டாக் என்பார்கள். இக்கட்டுரையில் அதைத் திறப்புத் தாக்குதல் என்றே குறிப்பிடுகிறேன். அதைக் கொண்டு எதிராளியின் ராணியை எடுப்பது எப்படி என்பதை, யோசிக்க வேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன்.

புதியவர்கள் இந்த அமைப்பைக் கண்டுபிடிப்பதில் அதிகம் தடுமாறுவதில்லை. அவர்கள் தடுமாறுவது அதற்கு அடுத்த நொடியில். வழியைத் திறந்துவிட்டுப் பிறகு யோசிக்கிறார்கள்; ஆனால் திறந்த வழி இரு பக்கமும் போகும். ராணி நேராகவும் குறுக்காகவும் செல்லக்கூடிய காய் என்பதால், நமது யானையோ மந்திரியோ எந்த வழியில் அதைத் தாக்கினாலும், அதே வழியில் அது திரும்பி வந்து நமது காயை வெட்ட முடியும். இதை மறக்காமல் இருந்தால் கீழே உள்ள படிகள் ஒவ்வொன்றும் ஏன் இந்த வரிசையில் வருகின்றன என்பது தானே விளங்கும்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கட்டங்களின் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், கிடைவரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் எண்ணப்படுகின்றன. காய்களின் மதிப்பும் மனத்தில் இருக்க வேண்டும்: ராணி 9, யானை 5, மந்திரியும் குதிரையும் 3, சிப்பாய் 1.

இத்தாக்குதலில் மூன்று பாத்திரங்கள் உண்டு. நகர்ந்து வழிவிடும் காயை முன்காய் என்றும், பின்னால் நின்று தாக்கும் காயைப் பின்காய் என்றும், தாக்கப்படும் காயை இலக்கு என்றும் அழைப்போம். பின்காயாக ராணி, யானை, மந்திரி ஆகிய மூன்று மட்டுமே இருக்க முடியும், ஏனெனில் தொலைவிலிருந்து ஒரே கோட்டில் தாக்குபவை அவைதான்.

முன்காய் அந்தக் கோட்டைவிட்டு விலகக்கூடியதாக இருக்க வேண்டும். குதிரை எப்படித் தாவினாலும் விலகிவிடும். நெடுவரிசையில் நிற்கும் மந்திரியும், மூலைவிட்டத்தில் நிற்கும் யானையும் அப்படியே. நெடுவரிசையில் நிற்கும் சிப்பாய் மட்டும் சிக்கலானது: நேராகப் போனால் வழி திறக்காது, எதையாவது வெட்டினால்தான் திறக்கும்.

2. முதலில் கோட்டைத் தேடுங்கள், நகர்வைத் தேடாதீர்கள்

உங்கள் ராணி, யானைகள், மந்திரிகள் ஒவ்வொன்றிலிருந்தும் புறப்படும் கோடுகளைப் பாருங்கள். ஒரு கோட்டில் உங்களுடைய ஒரே ஒரு காய் நின்று, அதற்கு அப்பால் எதிராளியின் ராணியோ ராஜாவோ நின்றால், அங்கே நின்று நிதானிக்க வேண்டும்.

இந்த இரண்டு அமைப்புகளையும் பிரித்தறிவது அவசியம். கோட்டின் மறுமுனையில் ராணி நின்றால், முன்காய் வேறு பக்கம் செக் சொல்ல வேண்டும். மறுமுனையில் ராஜா நின்றால் பின்காயே செக் சொல்லிவிடும். முன்காய் ராணியைத் தாக்கினால் போதும். இவ்விரண்டாவது அமைப்பு மிகவும் வலிமையானது. அதை 8-ஆம் பகுதியில் பார்ப்போம்.

இடையே இரண்டு காய்கள் நிற்கும் கோட்டையும் ஒதுக்கிவிட வேண்டாம். அவற்றுள் ஒன்றை ஏதேனும் பயனுள்ள வேலையாக முதலில் நகர்த்திவிட்டால், அடுத்த முறைக்கு அமைப்பு தயாராகிவிடும்.

3. முன்காய் சொல்லக்கூடிய எல்லாச் செக்குகளையும் எழுதிப் பாருங்கள்

இலக்கு ராணியாக இருக்கும்போது முன்காயின் நகர்வு செக்காக இருக்க வேண்டும் என்பதே இக்கலையின் சாரம். செக் சொல்லப்பட்டவர் முதலில் அதைத் தீர்த்தாக வேண்டும் என்பது ஆட்ட விதி. ஆகவே செக்கைத் தீர்க்காமல் ராணி நகரவும் முடியாது, திறந்த கோட்டில் திரும்பி வந்து பின்காயை வெட்டவும் முடியாது.

செக் இல்லாமல் முன்காய் ஒரு குதிரையையோ யானையையோ தாக்கினால், எதிராளி ராணியைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோவார். நமக்கு அந்தச் சிறிய காய் கிடைக்கும். அதுவும் ஆதாயம்தான், ஆனால் ராணி கிடைக்காது. அடுத்த நகர்வில் மேட் என்று மிரட்டினாலோ, ராணியே நகர்ந்து அந்த மேட்டையும் தடுத்துவிட வாய்ப்புண்டு.

செக்குகளைத் தேடும்போது, முன்காய் வெட்டுப்படும் கட்டங்களையும் சேர்த்தே பாருங்கள். மந்திரி 3 மதிப்பெண், ராணி 9. தொடக்க நிலையில் இருப்போர் பெரும்பாலும் பாதுகாப்பான கட்டங்களை மட்டுமே பார்த்துவிட்டு, ‘செக் எதுவும் இல்லை’ என்று கடந்துபோவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

4. ஒரு நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள்

வெள்ளை: ராஜா ஜி1, ராணி இ2, யானை டி1, மந்திரி டி3, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி5, யானை எஃப்8, குதிரை சி6, சிப்பாய்கள் இ6, எஃப்7, ஜி7, எச்7. ஆட வேண்டியது வெள்ளை.

கோடு டி-நெடுவரிசை, பின்காய் டி1 யானை, முன்காய் டி3 மந்திரி, இலக்கு டி5 ராணி. மந்திரியைச் சி2-க்கு இழுத்தால் ராணி தாக்கப்படுகிறது. ஆனால் கறுப்பு நிதானமாக ராணியை ஜி5-க்குக் கொண்டுபோய்விடும். கையில் இருந்த வாய்ப்பு கரைந்துவிட்டது.

சரியான நகர்வு: மந்திரி எச்7 சிப்பாயை வெட்டிச் செக். ராஜா மந்திரியை வெட்டுகிறது. யானை டி5 ராணியை எடுக்கிறது. இ6 சிப்பாய் யானையை வெட்டுகிறது. இங்கே கணக்கை நிறுத்திவிடாதீர்கள். ராணி எச்5-க்குப் போய்ச் செக் சொல்கிறது, ராஜா ஜி8-க்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை, பிறகு ராணி ஐந்தாம் கிடைவரிசையிலேயே சென்று டி5 சிப்பாயையும் எடுத்துவிடுகிறது. வெள்ளை கொடுத்தது யானையும் மந்திரியும், அதாவது 8. எடுத்தது ராணியும் இரண்டு சிப்பாய்களும், அதாவது 11.

மந்திரியை வெட்டாமல் ராஜா எச்8-க்கு ஒதுங்கினாலும் யானை ராணியை எடுத்துவிடும்.

5. செக்குக்கு எதிராளி தரக்கூடிய பதில்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

செக்கிலிருந்து மீள மூன்று வழிகளே உண்டு: ராஜாவை நகர்த்துவது, செக் சொன்ன காயை வெட்டுவது, இடையில் ஒரு காயை வைப்பது. இம்மூன்றையும் எதிராளியின் ராணியின் கண்களால் பார்க்க வேண்டும். இலக்கான ராணியே செக்கைத் தீர்த்துவிடுமா என்பதுதான் கேள்வி.

வெள்ளை ராணி டி1-லும் மந்திரி டி3-லும், கறுப்பு ராஜா இ8-லும் ராணி டி5-லும் நிற்பதாகக் கொள்வோம். மந்திரி பி5-க்குப் போய்ச் செக் சொன்னால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் டி5 ராணி பக்கவாட்டில் வந்து பி5 மந்திரியை வெட்டிவிடும். செக்கும் தீர்ந்தது, ராணியும் தப்பியது, நமது மந்திரி போனது. இதே நிலையில் ஏ4-இல் நமது சிப்பாய் முன்கூட்டியே நின்றிருந்தால், பி5-இல் வெட்டிய ராணியை அச்சிப்பாய் வெட்டிவிடும். ஒரு நகர்வு பொறுத்திருந்து அச்சிப்பாயை முன்னேற்றுவது பல வேளைகளில் சரியான முடிவாக அமையும்.

இடையில் வைக்கப்படும் காய் நமது ராஜாவுக்கே செக் சொல்லும் நிலையும் வரும். அப்போது ராணியை எடுக்க நமக்கு நேரம் இருக்காது. முதலில் நாம் நமது ராஜாவைக் கவனிக்க வேண்டியிருக்கும். அரிதாக நிகழ்வதுதான், ஆனால் நிகழும்போது ஆட்டத்தையே கொண்டுபோய்விடும்.

முன்காய் கட்டுண்டு நிற்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். அதற்குப் பின்னால் நமது ராஜா நின்று, எதிராளியின் மந்திரியோ யானையோ அதைக் குறிவைத்திருந்தால் முன்காயால் அந்தக் குறியின் கோட்டைவிட்டு விலக இயலாது.

6. பின்காய் எது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும்

4-ஆம் பகுதியின் நிலையில் ஒரே ஒரு மாற்றம் செய்வோம்: ராணி டி1-லும் யானை இ1-லும் நிற்கட்டும். மற்றவை அப்படியே இருக்கட்டும். இப்போது மந்திரி எச்7-இல் வெட்டிச் செக், ராஜா மந்திரியை வெட்டுகிறது, ராணி டி5 ராணியை வெட்டுகிறது, இ6 சிப்பாய் நமது ராணியை வெட்டுகிறது. ராணிக்கு ராணி சரியாகிவிட்டது. நாம் ஒரு மந்திரியைக் கொடுத்து ஒரு சிப்பாயை வாங்கியிருக்கிறோம்.

ஆகவே விதி இது. பின்காய் யானையாகவோ மந்திரியாகவோ இருந்தால், எதிராளியின் ராணிக்குப் பாதுகாப்பு இருந்தாலும் பொதுவாக ஆதாயமே. பின்காய் ராணியாக இருந்தால், எதிராளியின் ராணி பாதுகாப்பின்றி நிற்க வேண்டும். இல்லையேல் முன்காய் இழப்பின்றிச் செக் சொல்லக்கூடியதாக இருந்தாலும் கிடைப்பது ராணி மாற்றம் மட்டுமே. நான் பார்த்தவரை, நன்றாகத் தொடங்கிய தாக்குதல்கள் அதிகம் வீணாகும் இடம் இதுதான்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு: யானை முதல் வரிசையைவிட்டு ராணியை எடுக்கப் போகும்போது, நமது ராஜா மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் காற்றோட்டமின்றி அடைபட்டிருந்தால், எதிராளியின் யானை முதல் வரிசைக்கு வந்து மேட் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

7. ராணி கோட்டில் இல்லையென்றால் அதை வரவழையுங்கள்

ராணி தானாக வந்து கோட்டில் நிற்பது குறைவு. பெரும்பாலும் ஒரு சிப்பாயை எடுக்க ஆசைப்பட்டே வருகிறது. பிரெஞ்சுத் தற்காப்பு என்ற தொடக்க முறையில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. நகர்வுகளைப் பலகையில் ஆடிப் பாருங்கள்.

வெள்ளை இ4, கறுப்பு இ6. அடுத்து டி4, டி5. பிறகு இ5, சி5. அதன்பின் சி3, குதிரை சி6. குதிரை எஃப்3, ராணி பி6. ஆறாம் நகர்வில் வெள்ளை மந்திரியை டி3-இல் வைக்கிறது. கறுப்பின் சி5 சிப்பாய் டி4-இல் வெட்ட, வெள்ளையின் சி3 சிப்பாய் அதைத் திருப்பி வெட்டுகிறது.

இப்போது டி4 சிப்பாயைக் கறுப்பின் குதிரையும் ராணியும் தாக்குகின்றன. வெள்ளைக்கு எஃப்3 குதிரை மட்டுமே காவல். டி1 ராணியின் பார்வையை டி3 மந்திரி மறைத்து நிற்கிறது. சிப்பாய் இலவசமாகக் கிடைப்பதுபோல் தோன்றுவதற்கு அதுவே காரணம், பொறியின் காரணமும் அதுவே.

கறுப்புக் குதிரை டி4-இல் வெட்டுகிறது, வெள்ளைக் குதிரை அதை வெட்டுகிறது, கறுப்பு ராணி அந்தக் குதிரையை வெட்டி டி4-இல் நிற்கிறது. மந்திரி பி5-க்குப் போய்ச் செக். டி4-இலிருந்து ராணியால் பி5-ஐ எட்ட முடியாது. இடையில் வரவும் முடியாது, ஏனெனில் டி7-க்குப் போகும் வழியை அதன் சொந்தச் சிப்பாயே டி5-இல் அடைத்து நிற்கிறது. அதற்குப் பாதுகாப்பும் இல்லை. செக்கைத் தீர்த்த மறுநொடி வெள்ளை ராணி அதை எடுத்துவிடும். கறுப்பு டி7-இல் மந்திரியை வைத்து, பிறகு பி5 மந்திரியை வெட்டினாலும், ஒரு மந்திரிக்கும் ஒரு சிப்பாய்க்கும் ராணியைக் கொடுத்ததாகவே முடியும்.

மனப்பாடம் செய்து ஆடுவோர் விழும் குழி இதற்கு அடுத்தது. கறுப்பு ஏழாம் நகர்வில் சிப்பாயை எடுக்காமல் முதலில் மந்திரியை டி7-இல் வைத்துவிட்டால், பி5 நகர்வு செக் ஆகாது. அதன்பின் கறுப்பு டி4-இல் காய்களை மாற்றிக்கொண்டு ராணியுடன் வந்து நிற்கும்போது, பழக்கதோஷத்தில் மந்திரியைப் பி5-க்கு நகர்த்தினால், கறுப்பு ராணி திறந்த கோட்டில் இறங்கி டி1 ராணியை வெட்டிவிடும். ராணிகள் மாறிப்போய், வெள்ளை ஒரு சிப்பாய் குறைவாக நிற்கும். ஒரு காயின் இடம் மாறியதில் பொறி முழுவதும் செயலிழந்துவிட்டது.

8. பின்காயே செக் சொல்லும் அமைப்பு

கோட்டின் மறுமுனையில் ராஜா நிற்கும்போது முன்காய்க்கு ஏறத்தாழ முழுச் சுதந்திரம் கிடைக்கிறது. எதிராளியின் நான்கு காய்கள் காத்து நிற்கும் கட்டத்தில்கூட அது போய் அமரலாம். அதை வெட்ட அவருக்கு நேரமில்லை.

பெட்ரோவ் தற்காப்பு என்ற தொடக்க முறையில் இது ஐந்தே நகர்வுகளில் நிகழ்கிறது. வெள்ளை இ4, கறுப்பு இ5. குதிரை எஃப்3, குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்புக் குதிரை அவசரப்பட்டு இ4 சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை ராணி இ2. தாக்கப்பட்ட குதிரையைக் கறுப்பு இயல்பாகவே எஃப்6-க்குப் பின்வாங்குகிறது. அந்தப் பின்வாங்கலே தவறு.

வெள்ளைக் குதிரை சி6-க்குத் தாவுகிறது. இ2 ராணியிலிருந்து இ8 ராஜாவுக்குச் செக். சி6 குதிரை டி8 ராணியைத் தாக்குகிறது. பி7 சிப்பாய், டி7 சிப்பாய், பி8 குதிரை ஆகிய மூன்றும் சி6-ஐ வெட்டக்கூடியவை, ஆனால் அவற்றுள் எதுவும் செக்கைத் தீர்க்காது. மந்திரியை இ7-இல் வைத்தாலும், குதிரையை இ4-இல் வைத்தாலும் ராணி டி8-இல் வெட்டுப்படும். ராணியே இ7-க்கு வந்து மறைத்தால் அங்கே வெட்டுப்படும். மூன்றிலும் கறுப்புக்குக் கிடைப்பது ஒரு குதிரை மட்டும்.

இங்கே ஒரே எச்சரிக்கை: முன்காயை வெட்டும் அதே நகர்வு செக்கையும் தீர்த்துவிடுமா என்று பாருங்கள். முன்காய் ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் பாதுகாப்பின்றி இறங்கி, ராஜா அதை வெட்டிக் கோட்டைவிட்டும் விலகிவிட்டால் திட்டம் பாழ்.

9. உடனே ராணியை எடுக்காமல் சுற்றிச் சுற்றி வெட்டுவது

பின்காய் மந்திரியாகவும், முன்காய் யானையாகவும், ராஜா மூலையில் அடைபட்டும் இருந்தால் ஒரே திறப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். 1925-இல் மாஸ்கோவில் மெக்சிகோ வீரர் கார்லோஸ் டோரே, முன்னாள் உலக வாகையர் எமானுவேல் லாஸ்கருக்கு எதிராக ஆடியது இதற்குப் பாடமான ஆட்டம். 25-ஆம் நகர்வில் டோரே மந்திரியை எஃப்6-இல் வைத்துத் தன் ராணியை எச்5-இல் வெட்டக் கொடுத்தார்.

பிறகு யானை ஜி7-இல் வெட்டிச் செக் சொன்னது, ராஜா எச்8. யானை எஃப்7-இல் வெட்ட, எஃப்6 மந்திரியிடமிருந்து செக், ராஜா ஜி8. மறுபடி யானை ஜி7, ராஜா எச்8. யானை பி7 மந்திரியை வெட்ட மறுபடி செக். இறுதியில் யானை மறுபடி ஜி7-க்குத் திரும்பி, அங்கிருந்து ஜி5-க்கு வந்து, மந்திரியின் செக்கோடு எச்5 ராணியையும் தாக்கியது. ராஜா எச்7-க்கு நகர, யானை ராணியை எடுத்தது.

கவனிக்க வேண்டியது வரிசையை. முதலில் இடையில் கிடைத்தவற்றை எல்லாம் செக்குடன் எடுத்துக்கொண்டு, ராணியைக் கடைசிக்கு வைத்தார். ராணியை எடுக்கும் நகர்வு செக் அல்ல என்பதால் அதோடு சுற்று முடிந்துவிடும்; அதை முதலிலேயே செய்திருந்தால் பி7 மந்திரி கிடைத்திருக்காது. யானை ஜி5-க்கு வந்தது மந்திரியின் செக்கோடு என்பதால் ராணியால் அதை வெட்டித் தப்பவும் முடியவில்லை.

10. உங்கள் ராணியை இதிலிருந்து காப்பது

உங்கள் ராணியை ஒரு கட்டத்தில் வைக்கும் முன், அக்கட்டத்திலிருந்து எதிராளியின் யானை, மந்திரி, ராணி ஆகியவற்றை நோக்கிக் கோடு இழுத்துப் பாருங்கள். இடையில் நிற்பது எதிராளியின் சொந்தக் காயாக இருந்தால், அது மறைப்பு என்று நிம்மதியடையாமல் அக்காய் எங்கே செக் சொல்ல முடியும் என்று கேளுங்கள். இலவசச் சிப்பாய் நிற்கும் கட்டம் என்றால் இருமுறை கேளுங்கள்.

ராணியை விலக்க நேரமில்லாதபோது செக் வரும் வழியை அடைப்பதும் போதுமானது. பிரெஞ்சுத் தற்காப்பில் டி7-க்கு வந்த மந்திரி செய்தது அதைத்தான்.

11. பயிற்சி செய்யும் முறை

7, 8-ஆம் பகுதிகளின் நகர்வுகளைப் பலகையில் இரு பக்கமும் நீங்களே ஆடுங்கள். பிறகு தாக்குதல் நிகழும் நிலையில் நிறுத்தி, ஒரு காயை மட்டும் இடம் மாற்றி, இப்போதும் ராணி கிடைக்குமா என்று கண்டுபிடியுங்கள். பெட்ரோவ் நிலையில் நான்காம் நகர்வாகக் குதிரையைப் பின்வாங்காமல் கறுப்பு ராணியை இ7-இல் வைத்துப் பாருங்கள்: வெள்ளை ராணி இ4 குதிரையை எடுத்ததும், கறுப்பு டி6 சிப்பாயைத் தள்ளிக் குதிரையைத் திரும்பப் பெறும். ராணி தப்பிவிடும், ஒரு சிப்பாய் மட்டுமே குறையும்.

உங்கள் பழைய ஆட்டங்களையும் எடுத்துப் பார்க்கலாம். எதிராளியின் ராணிக்கும் உங்கள் பின்காய்க்கும் இடையே உங்கள் ஒரே காய் நின்ற நிலைகளை மட்டும் குறித்து, ஒவ்வொன்றிலும் முன்காய்க்கு இருந்த செக்குகளை எண்ணுங்கள். செக் எதுவும் கிடைக்காத நிலைகளில், எந்தச் சிப்பாயையோ காயையோ முன்கூட்டி நகர்த்தியிருந்தால் ஒரு செக் கிடைத்திருக்கும் என்று தேடுங்கள்.